ஸ்லோ குக்கரில் முழுக்கோழி: நாலு மணி நேரமா, எட்டு மணி நேரமா?

ஸ்லோ குக்கரில் முழுக்கோழி வைக்கிற செய்முறைகள் நாலு எடுத்து வச்சுப் படிச்சா தலை சுத்தும். ஒரே எடைக் கோழி. ஒருத்தர் லோவில் நாலு மணி நேரம் என்பார். இன்னொருத்தர் எட்டு. மூணாவது ஆள், "காலையில வச்சுட்டு வேலைக்குப் போங்க, சாயங்காலம் வந்து சாப்பிடுங்க" என்று முடிச்சிடுவார். மூணு பேருடைய போட்டோவும் நல்லாத்தான் இருக்கும்.

செஞ்சு பார்த்தவங்க கிட்ட கேட்டா பெரும்பாலும் ரெண்டே குறை வரும். நெஞ்சுக்கறி சக்கையாயிடுச்சு, தோல் ரப்பர் மாதிரி இருக்கு. இது ரெண்டும் ருசி விவகாரம், சமாளிச்சுக்கலாம். மூணாவதா ஒரு கேள்வி வரும்: ஃப்ரீசரில் இருந்து எடுத்து நேரா சட்டியில வைக்கலாமா? இது வயிற்று விவகாரம். சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருக்கிற வீட்டில் ஆஸ்பத்திரி விவகாரமாகவும் ஆகலாம். இந்த மூணுக்கும் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்குன்னு எனக்குத் தோணுது. அந்தச் சட்டி எதற்காகச் செய்யப்பட்டது, அதில் நாம எதை வைக்கிறோம் என்ற பொருத்தக் குறைதான் அது.

சட்டியின் கதை

அமெரிக்காவின் சிகாகோவில் இர்விங் நாக்கும்சோன் என்ற யூதப் பொறியாளர் இருந்தார். 1936ல் ஒரு மின்சாரச் சமையல் பாத்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1940ல் கிடைத்தது. (உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் வாடை அடிக்கிற பெயர் வேண்டாம் என்று பிறகு நாக்சன் என்று சுருக்கிக்கொண்டார். இன்று பெயர் நினைவில் இருப்பது அப்படித்தான்.) இந்த யோசனைக்கு விதை, அம்மா சொன்ன ஒரு பழைய நினைவு. லிதுவேனியாவின் வில்னியஸ் நகர யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்தாக வேண்டும். சப்பாத் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் சனி இரவு வரை நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் பீன்ஸ், உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் போட்ட பானையைத் தெருமுனை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த வார வேலை முடிந்து அணைந்துகொண்டிருக்கும் அடுப்பு அது. அந்த மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வெந்து, மறுநாள் சூடாகச் சாப்பிடக் கிடைக்கும். சோலன்ட் என்று அதற்குப் பெயர்.

நாக்சன் செய்தது அந்த ரொட்டிக்கடை அடுப்பை ஒரு பானையைச் சுற்றிக் கட்டியது மாதிரி. உள்ளே பாத்திரம், அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி, மேலே மூடி. அதற்கு வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கு: நாக்சன் பீனரி. அதாவது பீன்ஸ் வேக வைக்கிற சட்டி. 1970ல் கன்சாஸ் சிட்டியின் ரைவல் கம்பெனி நாக்சனின் நிறுவனத்தை வாங்கியது. மறு வருஷமே பீனரியைக் கொஞ்சம் அழகு பண்ணி கிராக்பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் எண்ணிக்கை அங்கே ஏறிக்கொண்டிருந்த காலம். சமைக்கிறவர் வீட்டில் இல்லாதபோதும் நாள் முழுக்கச் சமைக்கும் சட்டி என்று விளம்பரம் செய்தார்கள். 1971ல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975ல் 9.3 கோடி டாலரைத் தொட்டது. இடையில் 1974ல்தான் பீங்கான் பானையைத் தனியாகக் கழற்றிக் கழுவுகிற மாதிரி செய்தார்கள். எனக்கென்னவோ விற்பனை ஏறினதில் விளம்பரத்தை விட இதுக்குப் பங்கு அதிகம்னு படுது.

இதே எண்ணம் நம்ம பக்கம் அதற்கு முன்பே வந்திருக்கு. 1910ல் வங்காளத்தில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்று ஒன்று செய்தார். கீழே கொஞ்சம் கரி, மேலே அடுக்கு டப்பாக்கள். கரி அணைவதற்குள் சோறு, பருப்பு, கறி எல்லாம் ஆவியில் வெந்துவிடும். நம்ம ஊர்ப் பழைய ஆட்களுக்கு ருக்மணி குக்கர் ஞாபகம் இருக்கலாம், அதே வகையறா. பிரஷர் குக்கர் வந்த பிறகு இதெல்லாம் பரணுக்குப் போயிடுச்சு.

கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டிகள் நேரம் கேட்கிற பொருளுக்காகப் பிறந்தவை. காய்ந்த பீன்ஸ், வயசான மாட்டின் கால் தசை, முட்டை போட்டு ஓய்ந்த கோழி. நேரம் கொடுத்தால்தான் இவை இளகும்.

இன்றைய கோழிக்கு நேரம் தேவையில்லை

அமெரிக்கக் கோழித் தொழில் கவுன்சில் பல வருஷமாகப் பராமரிக்கிற ஒரு அட்டவணை இருக்கு. 1925ல் ஒரு கறிக்கோழி சந்தைக்கு வர 112 நாள் ஆனது, எடை 2.5 பவுண்டு. 1950ல் 70 நாள், 3 பவுண்டுக்குச் சற்று மேல். இப்போது 47 நாள் போல, எடை 6 பவுண்டுக்கு மேல். பாதிக்கும் குறைவான நாளில் ரெண்டரை மடங்கு எடை. அதிலும் நெஞ்சுதான் அதிகம் வளர்ந்திருக்கு. அதாவது நாம சட்டியில் வைப்பது உருவத்தில் பெரிய, வயதில் குழந்தையான ஒரு பறவை.

தசைகளைக் கட்டி வைத்திருக்கும் நார்ப்பொருள் கொலாஜன். விலங்குக்கு வயசாக ஆக அந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புப் போட்டுக்கொண்டு இறுகும். அதைக் கரைத்து ஜெலட்டினாக்க ஈரமான சூடும் நிறைய நேரமும் வேணும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெதுவாகத் தொடங்கி, 70-80ல்தான் வேகம் பிடிக்கும். நாட்டுக்கோழியை மணிக்கணக்கில் வேக விடுவது இதுக்குத்தான். ஆறு ஏழு வாரப் பிராய்லரில் கரைக்க வேண்டிய கொலாஜன் கொஞ்சம்தான் இருக்கு, அதுவும் இன்னும் முறுக்கேறாதது.

அதுவும் உடம்பு முழுக்க ஒரே அளவில் இல்லை. கால், தொடை எல்லாம் நாள் முழுக்க நிற்கிற, நடக்கிற தசை. கொலாஜன், கொழுப்பு, நிறமி எல்லாமே அங்கே அதிகம். 80 டிகிரி தாண்டினாலும் காயாது, 85ல் இன்னும் நல்லா இருக்கும். நெஞ்சு அப்படியில்லை. பறக்கிற தசை, ஆனா பிராய்லர் எங்கே பறக்குது? கொலாஜனும் குறைவு, கொழுப்பும் குறைவு. 65 தாண்டும்போதே தசைப் புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். 75ல் சாப்பிடலாம், 85ல் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கணும், 95ல் நூல் நூலா வரும். அதைச் சுற்றிச் சாறு நிறைய நின்னாலும் பிரயோஜனம் இல்லை. சட்டியில் தேங்குகிற சாறு என்பதே நெஞ்சிலிருந்து வெளியேறினதுதானே! தண்ணீரில் கிடக்கிற கறி எப்படிக் காய்ஞ்சு போகும்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

முழுக்கோழி சமைக்கிறதுன்னா இந்த ரெண்டு விதக் கறியையும் ஒரே நேரத்தில் இறக்குவது. எந்த அடுப்பிலும் இது சிக்கல்தான். ஸ்லோ குக்கரில் கூடுதல் சிக்கல், நேரம் கொஞ்சம் கூடினாலும் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்து நின்னுடும் என்பது.

லோ, ஹை என்றால் என்ன

லோ என்றால் குறைந்த வெப்பநிலை, ஹை என்றால் அதிக வெப்பநிலை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. வழக்கமான சட்டிகளில் அப்படி இல்லை. ரெண்டும் கடைசியில் போய்ச் சேருமிடம் கிட்டத்தட்ட ஒன்றே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதில்தான் வித்தியாசம். ஹையில் மூணு நாலு மணி நேரம், லோவில் ஏழெட்டு மணி நேரம். அதனால் "லோவில் வச்சிருக்கேன், பத்து மணி நேரம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது" என்பது பீன்ஸுக்குச் சரி, பிராய்லர் நெஞ்சுக்குச் சரியில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.8 கிலோ கோழி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது, 5 டிகிரியில் இருக்கு. 75க்குக் கொண்டுபோகணும். கோழிக்கறியின் தன்வெப்பத்தைக் கிலோவுக்கு, டிகிரிக்கு 3.4 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 1.8 × 3.4 × 70, சுமார் 430 கிலோஜூல். கனமான பீங்கான் பானையும் கூடவே சூடாகணும், அதுக்கு ஒரு 200 சேர்த்துக்கங்க. மொத்தம் 630. லோவில் சட்டி 200 வாட் இழுக்குதுன்னா, ஒரு துளி சூடும் வெளியே போகலைன்னா, 52 நிமிஷத்தில் முடிஞ்சிடணும். ஆனா சட்டியின் பக்கவாட்டிலும் மூடி வழியாகவும் சூடு போய்க்கொண்டே இருக்கும். சட்டி சூடாக ஆக அந்த இழப்பும் கூடும். கறிக்குள் சூடு ஊடுருவுவதும் மெதுவாகத்தான் நடக்கும். தடிமன் ரெண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி நேரக் கணக்கு நாலு மணி நேரமாகுது.

இப்போ அதே கோழி ஃப்ரீசரில் இருந்து வருது, மைனஸ் 18ல் கல்லு மாதிரி. உறைநிலை வரை கொண்டுவர ஒரு 60 கிலோஜூல். அது பெரிசில்லை. அதில் இருக்கிற பனிக்கட்டியை உருக்கணுமே? கோழியில் மூணில் ரெண்டு பங்கு தண்ணீர், அதாவது 1.2 கிலோ. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேணும். அப்போ 400. வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறும் உருகுவதற்கு மட்டும் 400. அதற்குப் பிறகு 0விலிருந்து 75 வரை 460. கூட்டினால் 920 கிலோஜூல், முன்னதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். அடுப்போ 200 வாட் அடுப்பு.

ஆபத்து எங்கே இருக்கு

அமெரிக்க விவசாயத் துறை 4 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை உள்ள பகுதியை அபாய வெப்பநிலை என்கிறது. பாக்டீரியா வேகமாகப் பெருகும் இடம் அது. உறைந்த கோழியைச் சட்டியில் வைத்தால் நடுவில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது வெளிப்புறக் கறி 20, 30, 40 டிகிரியில் மணிக்கணக்காக நிற்கும்.

"கடைசியில எப்படியும் வெந்துடுமே, எல்லாம் செத்துடுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சால்மொனெல்லாவைப் பொறுத்தவரை உண்மையும்கூட. 74 டிகிரியில் அது உடனே சாகும். 66ல் மூணு நாலு நிமிஷம் நின்றாலும் போதும். ஆனா எல்லாக் கிருமியும் அப்படி இல்லையே. ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகும்போது விட்டுப் போகிற நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்திருக்கும், விஷம் அப்படியே இருக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று இன்னொன்று. அதன் வித்துக்கள் சமையல் சூட்டைத் தாங்கும். 45 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை ரெட்டிப்பாகும். இது வேகும்போது மட்டுமில்லை, வெந்த பிறகு ஆறும்போதும் நடக்கும். அதைக் கீழே சொல்றேன்.

ஆகவே உறைந்த கோழியை வைக்காதீங்க. ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் ஒரு நாள், பெரிய கோழின்னா ரெண்டு நாள் வைத்து முழுக்க இளக விடணும். வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்து ஐஸ் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். உள்ளே பொட்டலமாக ஈரல், கழுத்து வச்சிருப்பாங்க, அதையும் எடுத்துடணும். வயிற்றில் ஸ்டஃபிங் எதுவும் அடைக்க வேண்டாம். உள்குழி காலியாக இருந்தால் அந்த வழியாகவும் ஆவி போய்ச் சூடேற்றும். அடைச்சா அது ஒரு குளிர்ந்த மூட்டை.

டைமர் வைத்துத் தாமதமாகத் தொடங்குகிற வசதி சில சட்டிகளில் இருக்கு. பச்சைக் கோழியை அதில் விட்டுவிட்டு மத்தியானம் தானாக ஆன் ஆகட்டும் என்று போவது மேலே சொன்ன அதே தப்பின் வேறு வடிவம். கரண்டு போவதும் அப்படித்தான். நீங்க வீட்டில் இல்லாதபோது எவ்வளவு நேரம் கரண்டு போயிருக்குன்னு தெரியலைன்னா, பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிடச் சொல்றாங்க. கரண்டு எப்போ போகும்னு சொல்ல முடியாத ஊரில் ஸ்லோ குக்கரை நம்பி வெளியே போவது யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய சட்டி, யாரோ கொடுத்தது, ரொம்ப நாள் சும்மா கிடந்தது என்றால் ஒரு சோதனை. பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் விடுங்க. மூடியைத் திறந்ததும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 85க்கும் 93க்கும் நடுவில் காட்டணும். 85க்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டியில் கறி வைக்காதீங்க. 93க்கு மேல் போனால் உங்க சட்டி சூடான ரகம், செய்முறையில் சொன்னதுக்கு முன்னாடியே பார்த்துடணும்.

வைக்கிற முறை

1.6லிருந்து 2 கிலோ கோழி, 6 லிட்டர் சட்டி. மூடி இடிக்காமல் முழுசா உட்காரணும், இது முக்கியம். கோழியின் மேல்பாதி கம்பிச் சூட்டில் வேகுவதில்லை. மூடியில் பட்டுத் திரும்புகிற ஆவி கறி மேல் படிந்து தண்ணீராகும்போது விடுகிற சூட்டில்தான் வேகுது. மூடி கோணலாக நின்றால் அந்த ஆவி போச்சு. அடிக்கடி திறந்து பார்த்தாலும் போச்சு. ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது நிமிஷம் சேர்த்துக்க வேண்டியதுதான்.

முந்தின ராத்திரியே உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பு. உப்பு உள்ளே போய் தசைப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தும், வேகும்போது அது பிழியும் தண்ணீர் குறையும். நெஞ்சுக்கு நாம் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிட மலிவானது இல்லை.

அடியில் பெரிய வெங்காயத்தைத் தடிமனாக வட்டம் வட்டமா அரிஞ்சு பரப்பிடுங்க. அலுமினியத் தாளை எலுமிச்சை அளவு உருண்டையா நாலைஞ்சு பிடிச்சு வச்சாலும் சரி. கோழி தன் கொழுப்பிலேயே ஊறாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கோழியே ஒன்றரை, ரெண்டு கப் சாறு விடும்.

நெஞ்சு மேலே, முதுகு கீழே. நெஞ்சைக் கவிழ்த்து வைத்தால் சாற்றில் ஊறி மெத்துன்னு இருக்கும் என்கிற கட்சி ஒன்று உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இந்தச் சட்டியில் சூடு வருவது கீழ்ப்பக்கச் சுவரிலிருந்து. கூடுதல் சூடு தேவைப்படுவது தொடைக்கு. அப்போ தொடைதான் கீழே இருக்கணும். நெஞ்சு மேலே ஆவியில் மெதுவாக ஏறட்டும். முழுக்கோழியின் ரெண்டு கறிச் சிக்கலைத் தீர்க்க இந்தச் சட்டி தருகிற ஒரே இயற்கையான வசதி இதுதான், அதைக் கவிழ்த்துப் போட்டு வீணாக்குவானேன்?

முதல் ஒரு மணி நேரம் ஹை. அபாயப் பகுதியைச் சீக்கிரம் தாண்டுவதற்கு. அப்புறம் லோ. மொத்தத்தில் நாலு மணி நேரம் ஆகும்போது முதல் தடவை தெர்மாமீட்டர் வையுங்க. நெஞ்சின் தடிமனான இடத்தில் ஒண்ணு, தொடையின் உட்புறம் எலும்பில் படாமல் ஒண்ணு. நெஞ்சு 74, தொடை 80 என்றால் இறக்கிடலாம். பெரும்பாலும் நாலரையிலிருந்து ஐஞ்சரை மணி நேரத்துக்குள் இது நடந்துவிடும். ஆகத் தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில், நாலுக்குப் பக்கத்தில். எட்டு இல்லவே இல்லை.

தெர்மாமீட்டர் இல்லாமல் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதா? முடியாது. இளம் கோழியின் எலும்பு முழுக்க இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறமி கசிந்து எலும்பை ஒட்டிய கறி நல்லா வெந்த பிறகும் சிவப்பாகவே நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டால் நெஞ்சு காலி. கால் கழண்டு வந்தா வெந்தாச்சு என்கிற அடையாளமும் உதவாது. கால் கழண்டு வரும்போது நெஞ்சு அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

தோல் விஷயம் சுருக்கமாச் சொல்லிடலாம். பொன்னிறமும் வறுத்த வாசனையும் தருகிற மெய்லார்டு வினை மளமளவென நடக்க 140 டிகிரி போல வேணும், மேற்பரப்பு காஞ்சிருக்கணும். ஸ்லோ குக்கருக்குள் எல்லாம் ஈரம், 100ஐத் தாண்டாது. வெண்ணெய் தடவினாலும் மிளகாய்த்தூள் பூசினாலும் நிறம்தான் வரும், மொறுமொறுப்பு வராது. "ரொட்டிசரி மாதிரி" என்று பெயர் வைப்பதெல்லாம் சும்மா. தோல் வேணும்னா இறக்கின கோழியைத் தட்டில் வைத்து, ஈரத்தைத் துணியால் ஒத்தி, ஓவன் கிரிலில் ஐஞ்சு பத்து நிமிஷம் காட்டணும். அலுங்காமல் தூக்கணும், கழண்டுடும். ஓவன் இல்லைன்னா தோலை உரிச்சுட்டு வைப்பதே மேல். நம்ம ஊர்க் கடையில் சொல்லாவிட்டால் உரிச்சுத்தான் கொடுப்பாங்க.

மசாலா போடுறவங்களுக்கு

தாளிப்பு இந்தச் சட்டியில் நடக்காது. மிளகாய்த்தூள், மல்லித்தூளைப் பச்சையாகத் தடவினால் ஐஞ்சு மணி நேரம் கழிச்சும் பச்சை வாசனை இருக்கும், எண்ணெயில் பொரிகிற சூடு கிடைக்கலையே. தூளைத் தனியாக வாணலியில் எண்ணெயில் வதக்கி, ஆறவிட்டுத் தடவுங்க. வறுத்து அரைத்த மசாலா இன்னும் நல்லது. கிராம்பு, பட்டை பாதியாக் குறைச்சுடணும், மூடின சட்டியில் தூக்கலா நிற்கும்.

இஞ்சியும் பப்பாளிக்காயும் தனியா ஒரு வார்த்தை. கறி மிருதுவாகணும்னு பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவுகிற வழக்கம் இருக்கில்லையா? அதில் புரதத்தை அறுக்கிற நொதி இருக்கு. பச்சை இஞ்சியிலும் இருக்கு. இந்த நொதிகள் ரொம்பச் சுறுசுறுப்பாக இருப்பது 60 டிகிரியை ஒட்டி. வாணலியில் அந்த வெப்பநிலையை நிமிஷத்தில் தாண்டிடறோம். ஸ்லோ குக்கரில் அங்கேயே ஊர்ந்துக்கிட்டிருக்கும். பப்பாளி தடவிய பிராய்லரை இதில் வச்சா மேல்கறி கூழாகி வரும். ஏற்கெனவே இளசான கோழிக்கு அது எதுக்கு? இஞ்சி கொஞ்சம் போட்டா பரவாயில்லை, வதக்கிப் போட்டா இன்னும் நிம்மதி.

வேலைக்குப் போகிறவங்க என்ன செய்யறது

காலை எட்டுக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறுக்கு வருகிறவங்களுக்காக விற்கப்பட்ட சட்டி இது. அவங்களுக்கு நாலரை மணி நேரத்தில் தெர்மாமீட்டர் வையுங்கன்னு சொல்றது கேலி பண்ற மாதிரி இருக்கும். நேரம் ஆனதும் தானாக வார்முக்கு மாறும் சட்டி ஒரு வழி. வார்ம் 60க்கு மேல் நிறுத்தி வைக்கும், பாதுகாப்பில் குறை இல்லை. (வார்மில் வைத்துச் சமைப்பது மட்டும் கூடவே கூடாது.) ஆனா கனமான பானை உடனே ஆறாது, நெஞ்சு இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அன்னைக்குக் கறியை உதிர்த்து, சட்டியில் இருக்கிற சாற்றிலேயே புரட்டி, சாண்ட்விச்சிலோ பிரியாணி மாதிரி எதிலோ போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தால் நஷ்டமில்லை.

எனக்குப் பிடித்த வழி, அந்த நாளில் முழுக்கோழியையே விட்டுவிடுவது. தொடையும் காலும் மட்டும் ஒரு கிலோ வாங்கிப் போட்டால் லோவில் ஏழு மணி நேரத்துக்கும் அசராது. இல்லைன்னா இந்தச் சட்டிக்குரிய கோழியைத் தேடணும். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் ஒன்றரை வருஷம் போல முட்டை போட்டு ஓய்ந்த லேயர் கோழிகள் கறிக்கு மலிவாக வரும். வறுத்தால் பல்லு போகும். குழம்பில் வச்சாலும் கேஸ்தான் தீரும். அதுதான் எட்டு மணி நேரம் கேட்கிற கோழி. நாட்டுக்கோழியும் அப்படியே, வயசைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு. இதுகளை அரைச் சட்டி சாறு நிற்கிற மாதிரி தண்ணீர் விட்டு, மேலே வதக்கின மசாலா சேர்த்து வையுங்க. கரைகிற கொலாஜன் முழுக்கக் குழம்பில் இறங்கி உதடு ஒட்டும். அதே எட்டு மணி நேரத்தில் பிராய்லர் நெஞ்சு என்ன ஆகுதுன்னு மேலே பார்த்தோம்.

கரண்டு பில்லைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். 200 வாட்டில் ஆறு மணி நேரம் என்றால் 1.2 யூனிட். ஓவனை விடக் குறைவு, பிரஷர் குக்கரை விட மிச்சம் என்று சொல்ல முடியாது. கோடையில் சமையலறை கொதிக்காமல் இருப்பதுதான் நிஜமான லாபம். நாக்சனும் அதைத்தான் ஒரு காரணமாக வச்சிருந்தார்.

மிச்சம்

வெந்த கோழியை அந்தப் பீங்கான் பானையிலேயே விட்டு, பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்திடுங்க. சூட்டைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்த பானை அது, ஃப்ரிட்ஜுக்குள்ளும் மணிக்கணக்கில் இளஞ்சூடாகவே இருக்கும். பெர்ஃபிரிஞ்சன்ஸுக்கு அது தொட்டில். ரெண்டு மணி நேரத்துக்குள் கறியை உதிர்த்து, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வைக்கணும். மறுநாள் சூடு பண்ணுவதும் அடுப்பிலோ மைக்ரோவேவிலோதான், ஸ்லோ குக்கரில் இல்லை.

எலும்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கறியை எடுத்ததும் எலும்புக்கூடு, தோல், அடியில் கிடக்கிற வெங்காயம் எல்லாவற்றையும் அதே சட்டியில் திரும்பப் போட்டு, மூழ்கும்படி தண்ணீர் விட்டு, நாலு மிளகு தட்டிப் போட்டு, ராத்திரி முழுக்க லோவில் விடுங்க. பத்து மணி நேரம் ஆனாலும் இதில் கெட்டுப்போக நெஞ்சு இல்லை. காலையில் வடிகட்டி, பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வச்சா, சாயங்காலம் மேலே மஞ்சளாகக் கொழுப்பு ஏடு, கீழே அல்வா மாதிரி ஆடுகிற சாறு. அந்த ஏட்டை எடுத்து வெங்காயம் வதக்கலாம். சாறு மூணு நாலு நாள் தாங்கும், அதுக்கு மேல்னா ஃப்ரீசர். ரசத்துக்குத் தண்ணீருக்குப் பதில் இதை ஊத்தினா, உப்பை மட்டும் ருசி பார்த்துப் போடுங்க. கோழியில் தடவின உப்பில் பாதி இங்கேதான் வந்திருக்கும்.